இண்டெக்ஸில் என் பெயர் இல்லை

சொல்ல வருவது மூன்று விஷயங்கள். வரிசைப்படுத்தாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

1. நம் ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதிய வெளிநாட்டுக்காரர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை.
2. அவற்றை அவர் எழுதிய விதம்.
3. என்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது.

நனைந்த கல்லுக்கு ஒரு வாசனை உண்டு... 2006-ல் கடலூர் முதுநகரில், பழைய ஆங்கிலேயர் கல்லறைகளுக்கு நடுவே அந்த வாசனையில் நின்றிருந்தோம். கல்லில் இருந்ததை அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மழை விடவில்லை. இருந்தது என்னுடைய ஒரே குடை. மறுநாள் எனக்குக் காய்ச்சல்.

நான் சிதம்பரத்தில் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். கடலூர் வரலாற்றை நானும் எழுதிக்கொண்டிருந்தேன்... பல வருடங்களாக. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடியதில் முதல் அத்தியாயமே முடியவில்லை.

கடலூர்க் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஊர்களை எடுத்துக்கொண்ட கதையை அவருக்குச் சொன்னேன். "உறுதியா சொல்ல முடியாது" என்று வரிக்கு வரி சேர்த்துக்கொண்டேன்.

2009-ல் புத்தகம் வந்தது. அந்தக் கதை அதில் மூன்றே வரி. ஆனால், குண்டு எங்கே விழுமோ என்று வயலில் நிமிர்ந்து பார்க்கும் ஓர் உழவனை நிறுத்தியிருந்தார். அந்த ஆள் எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிந்தது.

கத்தரிக்காயில் செய்யும் சிதம்பரம் கொத்சுவைச் சட்னி என்று எழுதியிருந்ததைக் கண்ட பிறகுதான் கொஞ்சம் ஆறுதல்.

பிறகு கடைசிப் பக்கங்களில், இண்டெக்ஸில் என் பெயரைத் தேடினேன். இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

என் மனைவி பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள். என் கட்டுரைகளை இரண்டு பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. இந்தப் புத்தகத்தைப் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்தாள்.

"ஏங்க, நம்ம கடலூரா இது? சினிமா மாதிரி இருக்குது!"

"தப்பு ஜாஸ்தி. கொத்சுவ சட்னின்னு போட்டிருக்காரு."

"இருந்துட்டுப் போவுது. நீங்க எழுதுனா தப்பே இருக்காது... புக்கும் இருக்காது."

கோபத்தில் இரண்டு நாள் என் காப்பியை நானே போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளே புத்தகத்தோடு வந்தாள்.

"முழுசா படிச்சீங்களா?"

"இண்டெக்ஸ் பார்த்தேன்."

"அதானே! இங்க பாருங்க."

கடைசி அத்தியாயம். பெயரில்லை, 'என் நண்பர்' என்று மட்டும். அவள் தமிழில் சொன்னாள்:

"மழையில என் நோட்டு நனையாம குடை புடிச்சிட்டு, அவரு நனைஞ்சிட்டே நின்னாரு. எது கேட்டாலும் உறுதியா சொல்ல முடியாதுன்னாரு. இந்த ஊர்ல நான் முழுசா நம்புன ஆளு அவருதான்."

இப்போது போனில் ஒரு படம் எடுத்து, மாலைக்குள் கடலூர் வரலாறு என்று நெட்டில் போட்டுவிடுகிறார்கள். யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. நான் இன்னும் முதல் அத்தியாயத்தில்தான்...

மேலே மூன்றாவதாகச் சொன்னது தப்பு, நண்பர்களே. ஆனால் பொறாமை மட்டும் போகவில்லை. என்னைப் பற்றிக்கூட அவர்தான் நன்றாக எழுதியிருக்கிறார்.