மாடிப்படிச் சுவரில் ஒரு ஓட்டை

ஊரில் அவருக்கு ஓட்டை மேஸ்திரி என்று பெயர். வீடு கட்டச் சாரம் எழுப்பும்போது கம்பு செருகுவதற்காகச் சுவரில் துளை விடுவார்கள். சாரத்தைப் பிரித்ததும் எல்லாரும் அடைத்துவிடுவார்கள். அவர் மட்டும் ஒன்றை விட்டுவைப்பார். கடைசித் தவணை கைக்கு வந்த அன்று கரண்டியும் கலவையுமாக அவரே வந்து அதை அடைத்துவிட்டுப் போவார். அவருக்குத் தெரிந்த ஒப்பந்தப் பத்திரம் அவ்வளவுதான்.

மகள் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு திருகாணிகூட நகராது. "எழுதி வாங்குங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எழுதிட்டா மட்டும்? குடுக்க மனசில்லாதவன் அந்தப் பேப்பரை மடிச்சு மேசைக்காலுக்கு முட்டுக் குடுப்பான். ஓட்டை அப்படியில்லம்மா. தினமும் அவனையே பார்த்துக்கிட்டிருக்கும்."

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர், சட்டையில் ஒரு கையை நுழைத்தபடியே சாய்ந்தார். மறு கை நுழையவில்லை.

சிமெண்ட் படிந்த செருப்பு வாசலில் அவர் கழற்றிய கோணத்திலேயே கிடந்தது. அம்மா அதை நகர்த்தவில்லை. மகளும்தான். தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி நிக்குது" என்றாள் அம்மா. "கடைசியாக் கட்டின வீட்டுல மாடிப்படிக்குக் காசு தனியா வரணும்னு சொன்னாரு. போய்க் கேட்டுட்டு வா. அவர் பேர்ல ஒரு சொல் வரக்கூடாது."

வீட்டுக்காரர் அவளைக் கூடத்தில் உட்காரவைத்தார். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"தங்கமான மனுஷன். ஆனா மாடிப்படியையும் சேர்த்துத்தாம்மா பேசினோம்."

"தனின்னு அப்பா சொன்னாரு சார்."

"சரி, எங்கயாவது எழுதியிருக்கா?"

அப்பாவிடம் அவளே கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி. இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வந்தது.

"அப்போ அப்பா பொய் சொன்னாருங்கிறீங்களா?"

"சேச்சே! மறந்திருப்பாரு. வயசாச்சில்ல."

"யாரு மறந்தா?" வீட்டுக்காரரின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். "ஏங்க, வீட்டுக்குக் கடைசித் தவணை குடுத்த அன்னைக்கே பின்சுவர் ஓட்டையை அடைச்சாரா இல்லையா?"

"அடைச்சாரு."

"கணக்கு அதோட முடிஞ்சதுன்னா, மாடிப்படிச் சுவர்ல இன்னொண்ணு எதுக்கு வாயைப் பொளந்துட்டு நிக்குது? காத்து வாங்கவா?"

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான் தினமும் அது முன்னாடி துணி காயப்போடுறேன். பேரம் பேசணும்னா அவர் இருந்தப்போ பேசியிருக்கணும். இப்போ இந்தப் பொண்ணுகிட்டயா?"

வீட்டுக்காரர் உள்ளே போனார். பணத்தைக் கொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "பேசினது இதுதான். எண்ணிக்கோம்மா."

அவள் எண்ணவில்லை. "அதை ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

துளை அவள் தோள் உயரத்தில் இருந்தது. உள்ளே பூசாத செங்கல். விளிம்பை மட்டும் அப்பா கரண்டியால் நான்கு பக்கமும் சீராக இழுத்துவிட்டிருந்தார், திரும்பி வந்து அடைக்கும்போது பிசிறில்லாமல் பொருந்தவேண்டும் என்று. அவள் கையை உள்ளே விட்டாள். விரல் நுனியில் மறுபக்கத்துக் காற்று பட்டது.

"காசுதான் வந்தாச்சே. யாரையாவது அனுப்பி அடைச்சிடச் சொல்லும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"சரி சார். நாளைக்கு அப்பாவை வந்து…"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினாள்.

"இருக்கட்டும்மா. மழைக்கு இன்னும் நாள் இருக்கு."

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.