தனியாவர்த்தனத்தில் ஒரு பொன்னாடை

கடைசி வரிசை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, அந்த அடுக்கின் உச்சியில் தானே ஏறி உட்கார்ந்துகொள்கிறார் காளீஸ்வரி. கச்சேரி தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது மேடையை அல்ல, அவரைத்தான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல், கால் தரையில் எட்டாமல், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி.

“முன்னால போங்க சார். பாடுறவங்க யாரையும் கடிக்க மாட்டாவ.”

“இல்லம்மா, இங்கன காத்து நல்லா வருது.”

“அங்கனயும் வருது. ஃபேன நான்தான் போட்டேன்.”

“செத்த நேரத்துல கிளம்பணும், ஒரு சோலி கிடக்கு.”

“இன்னும் சுருதியே சேக்கல. அதுக்குள்ள கிளம்புறதுக்கு எடம் பாக்கீயளே.”

வந்தவர் முனகிக்கொண்டே முன்னால் போகிறார். காளீஸ்வரி வேறு பக்கம் திரும்பியதும், ஒரு நாற்காலியைத் தரையில் உரசவிடாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். வாசலோரம் இடம் கிடைக்காவிட்டால் ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சங்கீதம் காதில் விழாது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற நிம்மதி இருந்தால்தான் உட்கார்ந்து கேட்க முடியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கதை வேறு. அங்கே தைரியமாக முன்வரிசையில் உட்காருவார்கள். பாடகரின் முகத்துக்கு நேராகவே எழுந்து போவார்கள். இரண்டில் எது மரியாதை என்று காளீஸ்வரிக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் இரட்டையூர் சங்கீத சபையின் செயலாளர். இரண்டு ஊரும் சேர்ந்து நடத்துகிற சபை; சேர்ந்து என்பது அழைப்பிதழில் மட்டும். மார்கழியில் சென்னையில் பாடித் தீர்த்தவர்கள் மிச்சமிருக்கிற தொண்டையோடு தை மாதத்தில் தெற்கே வருவார்கள். முதல் பாதிக் கச்சேரிகள் அங்கே, மறுபாதி இங்கே. பால்கோவா வாங்க நினைத்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வருகிற ராஜபாளையத்துக்காரர், கச்சேரி அங்கே என்றால், “அம்புட்டுத் தூரம் யாரு போறது” என்பார். அங்கிருந்து இங்கே வருகிற தூரமும் அன்றைக்கென்று பார்த்து நீண்டுவிடும். இரண்டு ஊர்க் கச்சேரிகளுக்கும் தவறாமல் போகிற ஒரே ஆள் காளீஸ்வரிதான். அவர் போகாவிட்டால் மண்டபம் திறக்காது. சாவி அவரிடம் இருக்கிறது.

சபையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அதனால் யாரையும் வேலை பார்க்கச் சொல்ல முடியாது.

சத்திரப்பட்டிப் பக்கம் காளீஸ்வரிக்குச் சொந்தமாக ஒரு தறிக்கூடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி அங்கே ஓடுகிறது. பட்டுப்புடவை கட்டி வந்தாலும் அவர் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். சபையின் எல்லாத் தேவைகளுக்கும் அவர் பேண்டேஜ் துணியைத்தான் நம்புகிறார். பேனர் கட்டுவது அதில். மைக் ஒயரை மேடைக் காலோடு சேர்த்துக் கட்டுவது அதில். நன்கொடையாளர்களுக்காக முதல் வரிசைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டித் தடுப்பதும் அதே வெள்ளைத் துணியில்தான். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த வயலின்காரர் மேடையிலிருந்து அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, “யாருக்கு அடிபட்டது?” என்று கவலையோடு விசாரித்தார்.

பாடகிக்கு வெந்நீர் வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது. வயலின்காரருக்குக் கொசு இல்லாத அறை வேண்டும். தை மாதத்தில், தெப்பக்குளத்துப் பக்கத்தில். டிபன் கொண்டுவருகிறவர் இட்லியை வைத்துவிட்டுச் சட்னியை மறந்துவிடுவார். “எனக்கென்ன வந்துச்சு, நான் பாட்டுக்குத் தறிய ஓட்டிக்கிட்டு இருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே காளீஸ்வரி பிளாஸ்க்கை நிரப்புவார், கொசுவத்தி கொளுத்துவார், சட்னிக்கு ஆள் அனுப்புவார். தை முடிந்ததும் ஒவ்வொரு வருடமும், “இந்த வருசத்தோட நான் ஒதுங்கிக்கிடுதேன்” என்பார். கமிட்டி வருத்தத்தோடு தலையாட்டும். பிறகு, அடுத்த வருடம் யாரைக் கூப்பிடலாம் என்று அவரிடமே கேட்கும்.

இந்த ஆண்டு அந்த வார்த்தையை அவர் சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். கமிட்டியிடம் அல்ல, சிவபாண்டியிடம். அதனால்தான் அது மெய்யாகிவிடும் ஆபத்து இருந்தது.

சிவபாண்டி மம்சாபுரத்துக்காரர். மிருதங்க வித்வான். சென்னையில் பெயர் எடுத்துவிட்டவர், சொந்த ஊர்ப் பக்கம் முதல்முறையாக வாசித்தது போன வருடம் இந்த மண்டபத்தில்தான். மம்சாபுரத்திலிருந்து அவருடைய அப்பா கருத்தையா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மகன் தோலைத் தட்டிச் சம்பாதிக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, எப்படி என்று அவர் பார்த்ததில்லை.

இங்கே சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கச்சேரியின் நடுவே தனியாவர்த்தனம் வரும். பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையால் தாளம் மட்டும் போட, மிருதங்கக்காரர் தனியாகத் தன் வித்தையைக் காட்டுகிற நேரம் அது. இரட்டையூர் சபை அதை இடைவேளை என்று எடுத்துக்கொண்டிருந்தது. பொன்னாடை போர்த்துவது அப்போதுதான். தலைவர் தங்கச்சாமி அதற்குக் காரணமும் வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். காரணமில்லாமல் எதையும் செய்ய மாட்டார்.

“ஆரம்பத்துல போர்த்தலாம்னா மண்டபத்து மொதலாளி வந்திருக்க மாட்டாவ. கடேசில போர்த்தலாம்னா சனம் பஸ்ஸுக்குப் போயிருது. காலி சேருக்கா போர்த்தச் சொல்லுத? நடுவுல சும்மா கிடக்க நேரம் அது ஒண்ணுதான் தாயி.”

“சும்மாவா? அந்தப் பையன் கை வலிக்க வாசிக்கான் அண்ணாச்சி.”

“வாசிக்கட்டுமே. நாம சத்தமில்லாமத்தான போர்த்துறோம்.”

மண்டபத்து முதலாளி ராஜரத்தினம் மண்டபத்தைச் சபைக்கு வாடகை இல்லாமல் தருகிறார். பதிலுக்கு அவர் எதுவும் கேட்டதில்லை. கடைசிக் கச்சேரி அன்று பாடகருக்குத் தன் கையால் ஒரு பொன்னாடை போர்த்துவார், அவ்வளவுதான். போன வருடமும் சத்தமில்லாமல்தான் போர்த்தினார். பெரிய பட்டுச் சால்வை. பாடகியின் தாளம் போடுகிற வலது கை அதற்குள்ளே போய்விட்டது. அந்தக் கையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்த சிவபாண்டி கொஞ்ச நேரம் மனசுக்குள்ளேயே கணக்கை ஓட்டினார். வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தான் தாளம் போடப் பார்த்தார். அதற்குள் போட்டோக்காரர், சரியாக விழவில்லை, இன்னொரு தடவை போர்த்துங்கள் என்றார். ராஜரத்தினம் சால்வையை எடுத்து மறுபடி போர்த்தினார். சிவபாண்டி இரண்டு கைகளையும் மிருதங்கத்தின் மேல் வைத்து நிறுத்திவிட்டார்.

முடிந்துவிட்டது என்று நினைத்து முதலில் கைதட்டியவர் கருத்தையா.

கிளம்பும்போது சிவபாண்டி சண்டை போடவில்லை. “இனிமே நம்ம ஊருக்குக் கூப்பிடாதீங்கக்கா. நான் வெளியூர்லயே வாசிச்சுக்கிடுதேன்” என்றார். காளீஸ்வரிக்கு அதைவிட ஒரு சண்டை பரவாயில்லை என்று இருந்தது. இந்த ஆண்டு அவரை வரவழைக்கப் பலமுறை போனில் பேச வேண்டியிருந்தது. கடைசியாகத்தான் அந்த வார்த்தை வந்தது. “உன் தனியில ஒருத்தன் மேடையேற மாட்டான். ஏறுனா அன்னைக்கோட நான் சபைக்கு முழுக்குப் போட்டிருதேன். எங்கப்பா மேல சத்தியம்.” அப்பா பெயரை அவர் இதற்கு முன் எதற்கும் இழுத்ததில்லை.

கமிட்டியில் அவர் விஷயத்தை வைத்தார். கமிட்டி நெடுநேரம் யோசித்து, அடுத்த கூட்டத்தில் யோசிப்பது என்று முடிவெடுத்தது.

ஆகவே கடைசிக் கச்சேரி அன்று காளீஸ்வரி தன் வழியில் இறங்கினார். சபை வாங்கி வைத்திருந்த சால்வைகளைத் தறிக்கூடத்துப் பேண்டேஜ் பேல்களுக்கு அடியில் போட்டுவிட்டு வந்தார். மைக்செட் ஜமால் முகமதுவைத் தனியே கூப்பிட்டார்.

“ஜமாலு, தனி ஆரம்பிச்சதும் தலைவரு மைக்க அமத்திரு.”

“கேட்டா என்னக்கா சொல்ல?”

“ஒயரு போச்சுன்னு சொல்லு.”

“அந்த ஒயரு போன வாரந்தான் புதுசா போட்டது. அவரே கூட இருந்து பாத்தாரு.”

“அப்பப் புது ஒயரு போச்சுன்னு சொல்லு.”

அன்றைக்குப் பாடியவர் கோமளா விசுவநாதன். நன்றாகத்தான் பாடியிருப்பார். காளீஸ்வரி எதையும் கேட்கவில்லை. வாசலையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் பாட்டு முடிகிற தறுவாயில், சிவபாண்டி மிருதங்கத்தை மடியில் சரிசெய்துகொண்ட அதே சமயத்தில், வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக ராஜரத்தினம் உள்ளே வந்தார். தங்கச்சாமி எழுந்தார். கையில் இருந்த துணிப்பையிலிருந்து ஒரு சால்வையை உருவினார். சபைச் சால்வைகளைக் காணவில்லை என்றதும் வரும் வழியில் தானே ஒன்று வாங்கிவிட்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் சபைக்காக முன்யோசனையோடு செய்த ஒரே காரியம் அதுதான்.

மேடைப் படியில் காளீஸ்வரி குறுக்கே நின்றார்.

“வழிய விடு தாயி. மொதலாளி வாராவ.”

“வரட்டும். தனி நடக்கு.”

“அதனாலதான இப்பப் போர்த்தணும்ங்கேன்.”

“போன வருசம் பட்டது போதாதா அண்ணாச்சி?”

“போன வருசம் சால்வ பெரிசு. இந்தத் தடவ சின்னதாப் பாத்து எடுத்திருக்கேன். கைய மறைக்காது.”

காளீஸ்வரிக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆயாசமாக இருந்தது. கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிடலாம். இவர் போன வருடத் தவறை யோசித்துத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

“மண்டபம் போயிரும், பாத்துக்கோ” என்றார் தங்கச்சாமி.

போனால் வேறு மண்டபம் இல்லை என்பது காளீஸ்வரிக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். கேட்டுப் பார்த்தவரே அவர்தான். ராஜரத்தினம் முன்வரிசைக்கு வந்து, பேண்டேஜ் துணியைத் தாண்டி, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். மண்டபமே அவரைப் பார்த்தது. மேடையிலிருந்து சிவபாண்டியும் பார்த்தார். கை நிற்கவில்லை. சத்தம் மட்டும் இறங்கியது, எந்த நேரமும் நிறுத்திவிடத் தயாராக இருப்பவர்போல. நான்காவது வரிசையில் கருத்தையா. இந்த முறை வேன் இல்லை. அவர் மட்டும் பஸ்ஸில் வந்திருந்தார்.

காளீஸ்வரி தங்கச்சாமியின் கையிலிருந்து சால்வையைப் பிடுங்கினார். ஒரே விரிப்பில் விரித்து, ராஜரத்தினத்தின் தோளில் போர்த்திக் கும்பிட்டார். எங்கிருந்தோ ஓடிவந்த போட்டோக்காரர் பளிச்சென்று ஒன்று எடுத்தார்.

“எனக்கு எதுக்கும்மா? நான்ல போர்த்தணும்.”

“நீங்க இல்லாட்டி சபைக்கு ஏது நிழலு, மொதலாளி. உக்காருங்க. அசையாம இருந்தாத்தான் போட்டோ நல்லா விழும்.”

ராஜரத்தினம் உட்கார்ந்தார். அது கோபமா குளிர்ச்சியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சால்வையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, “மண்டபத்தப் பத்திப் பொறவு பேசுவோம்மா” என்றார். அந்தப் பேச்சு எப்படிப்பட்டதாக இருக்கும் என்று கண்டுபிடிக்கக் காளீஸ்வரிக்கு அப்போது நேரமில்லை. மேடைப் படியிலேயே, மேடையைப் பார்த்தபடி, பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தங்கச்சாமிக்கு முதலாளியின் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது.

மேடையில் கை ஒருமுறை தயங்கியது. பிறகு சத்தம் ஏறியது. சிவபாண்டி அதுவரை பக்கவாட்டில் வைத்திருந்த கண்ணை மிருதங்கத்துக்கு மாற்றிக்கொண்டார். வாசலோரம் நின்றிருந்தவர்களில் சிலர், கிளம்ப வேண்டியவர்கள், கிளம்பாமல் நின்றார்கள். விரல்கள் ஓடின, ஓடி, வேகம் எடுத்து, ஓங்கி ஒரு அடியில் வந்து நின்றன. ஒரு மூச்சளவு அமைதி.

அது முடிவு அல்ல. தனியை முடித்துவைக்கிற கடைசிக் கோர்வைக்கு முன்னால் விடுகிற இடைவெளி. கருத்தையாவின் கைகள் உயர்ந்தன. இந்த முறை அவர் பாடகியைப் பார்த்தார். தாளம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. கைகளைத் தட்டாமலே மடியில் இறக்கிக்கொண்டார்.

தங்கச்சாமி பார்க்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய கடமை அவரை எழுப்பிவிட்டது. கையில் இருந்த மைக்கில், “அனைவருக்கும்” என்றார், சத்தம் வரவில்லை. அதைத் தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். ஜமால் ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினார். மேடையில் பாடகியின் முன்னால் இருக்கிற மைக் வேலை செய்கிறது என்பது தலைவருக்கு நினைவு வந்தது. காளீஸ்வரியின் தோளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு காலை நுழைத்து, முதல் படியில் வைத்தார்.

மேலே கோர்வை தொடங்கியது. காளீஸ்வரி திரும்பவில்லை, கண்ணை மேடையிலிருந்து எடுக்கவும் இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி, தலைவருடைய வேட்டியின் நுனியைப் பிடித்து, தன் முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.