கல்லில் கட்டிய கயிறு

இடுப்பில் கயிற்றை இறுக்கியதும் மூச்சு அடைத்தது. விரல்கள் மரத்துப்போயின. நான் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில் கம்ப்ரசர் குழாய் வழியாக மூச்சு விடுவதே என் பிழைப்பு. வள்ளத்தில், நல்ல காற்றில் உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தேன். வெட்கக்கேடு, யாரிடம் சொல்ல?

எங்கள் வழக்கப்படி குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கையின் தாலியை நினைத்தாவது கைவிட மாட்டான். எனக்கு என் மனைவியின் அண்ணன் அருளப்பன் பிடித்தார்.

நான் செய்த தப்பு இது: அடியில் இறங்கியதும் முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லில் கட்டிவிடுவேன். காற்றுக் குழாய் மட்டும் என்னோடு வரும். ஏறும்போது திரும்ப இடுப்பில் கட்டிக்கொள்வேன். நான்கு வருடம் இப்படியே போனது.

ஒருநாள் கடல் குமுறியது. மேலே வரச் சொல்லி மச்சான் மூன்று முறை இழுத்திருக்கிறார். பதில் இல்லை. பதறிப்போய் மொத்தக் கயிற்றையும் இழுத்தால் கல் வந்திருக்கிறது. குழாயைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டார். என்னை வள்ளத்தில் ஏற்றியதும் அந்தக் கல்லைக் காட்டிக் கேட்டார்:

"ஏலே மாப்ள, நாலு வருசமா நான் கல்லையா புடிச்சிக்கிட்டு இருந்தேன்?"

"கட்டுனா மூச்சு அடைக்கி, மச்சான்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வா. இல்லன்னா இனிமே ஒன்ன எறக்க மாட்டேன்."

எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் சுத்தம். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். 'பேனிக் அட்டாக்' (ஆபத்தே இல்லாதபோதும் உடம்பு உயிர்பயத்தில் துடிப்பது) என்றார் அந்த டாக்டரம்மா.

"சின்ன வயசுல உங்கள யாராவது கட்டிப் போட்டிருக்காங்களா?"

கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் முறை போனபோதுதான் சொன்னேன்.

அம்மா இறந்தபின் அப்பா என்னை ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிவிட்டுக் குடிக்கப் போவார். எனக்கு ஆறு வயது. ஒருமுறை இரண்டு நாள் வரவில்லை. இழுத்து இழுத்து இடுப்பு புண்ணானது. நாற்பது வயதில் அதைச் சொல்லும்போதும் நாக்கு வறண்டது. டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார்.

மாத்திரை முடியும்வரை கடல் கூடாது என்றார். ஏழு மாதம் கரையில் கிடந்தேன். வீட்டில் தினமும் பயிற்சி: கயிற்றைக் கையில் வைத்திருப்பது, பிறகு தளர்வாகக் கட்டுவது, பிறகு இறுக்குவது. சில நாள் வாந்தி வந்தது. ஒருநாள் ஆத்திரத்தில் கயிற்றை அடுப்பில் போட்டேன். மறுநாள் மச்சான் புதுக் கயிறோடு வந்தார்.

இதே பாடு படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'பழைய கதைதானே, விடு' என்பார்கள். நம்பாதீர்கள். உடம்புக்கு அது பழையது இல்லை.

போன மாதம் இறங்கினேன். கயிறு இடுப்பிலேயே இருந்தது. பாதி ஆழத்தில் நெஞ்சு படபடத்தது. கை முடிச்சுக்குப் போனது. அவிழ்க்காமல், ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அந்த ஜன்னலில் இழுத்த மாதிரியே.

மேலிருந்து பதில் இழுப்பு வந்தது. முப்பத்துநான்கு வருடம் கழித்து வந்தது.

ஏறியதும் மச்சான் கேட்டார்: "என்னத்துக்குல இழுத்த?"

"சும்மாதான் மச்சான். நீங்க இருக்கியளான்னு பாத்தேன்."