முதல் மிதியில் நிற்காத கார்

சித்தப்பா தன் சட்டையில் கை துடைத்து நான் பார்த்ததே இல்லை. கிரீஸ் கையோடு வீட்டுக்குள் வருவார். கொடியில் காயும் சித்தியின் புடவை, நாற்காலியில் கிடக்கும் என் துண்டு, ஜன்னல் திரை என்று எது எட்டுகிறதோ அதில் துடைப்பார். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அவர் வெல்டர். ஜன்னல் கிரில் செய்பவர். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, அதில் இரண்டு மடங்கு பெரிய இன்ஜினைத் திணித்தார். கையிலிருந்ததெல்லாம் இன்ஜினுக்கே போயிற்று. தெருவே கூடி பானெட்டைத் திறந்து பார்த்தது.

"என்னண்ணே, காருக்குள்ள இன்ஜினா, இன்ஜினுக்குள்ள காரா?" என்று சலவைக்கடைக்காரர் கேட்டதில் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஓடுகிற கார் நிற்கவும் வேண்டுமே. காயலான் கடையில் ஒரு பெரிய காரின் டிஸ்க் பிரேக்கைக் கழற்றி வந்து முன்சக்கரங்களில் மாட்டினார். துருவைக்கூட ஒழுங்காகத் தேய்க்கவில்லை. அதைவிட மோசம், பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் விட்டதுதான். அந்தச் சின்ன சிலிண்டர், பெரிய பிரேக்குக்கு வேண்டிய எண்ணெயை ஒரே மிதியில் அனுப்பாது. முதல் மிதியில் பெடல் தரைக்கே போகும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்ததும் மெக்கானிக்கல். "மாத்திடுங்க சித்தப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்குதுல்ல? பொஸ்தகத்த மூடுடா."

மூடிக்கொண்டேன்.

சித்திக்கு நர்சரிப் பள்ளியில் வேன் ஓட்டும் வேலை கிடைப்பதாக இருந்தது. ஓட்டிக் காட்டினால் போதும். பள்ளி வேன் பட்டறையில் நின்றதால், "உங்க வீட்டுக் காரையே கொண்டு வாங்கம்மா" என்றார் மேலாளர் அம்மா. பள்ளி வரை சித்தப்பாதான் ஓட்டினார். அங்கே இறங்கி, அதுவரை அந்தக் காரைத் தொட்டிராத சித்தியிடம் சாவியைக் கொடுத்தார். இரண்டு மிதி விஷயத்தை அவர் சொல்லியிருப்பார் என்று பின்சீட்டில் இருந்த நான் நினைத்தேன். உண்மையிலேயே நினைத்தேனா, என் சௌகரியத்துக்கு அப்படி வைத்துக்கொண்டேனா, இன்றும் தெரியவில்லை.

மேலாளர் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, பள்ளி மைதானத்தை அழகாக ஒரு சுற்றுச் சுற்றினாள் சித்தி. "அந்தத் தண்ணித் தொட்டி முன்னால நிறுத்துங்க" என்றார் மேலாளர். சித்தியின் கால் பிரேக்கில் இறங்குவதை இரண்டு சீட்டுக்கும் நடுவே பார்த்தேன். பெடல் தரையைத் தொட்டது. கார் தொட்டியில் போய் முட்டியது. மேலாளரின் நெற்றி புடைத்துவிட்டது.

சித்தப்பா ஓடி வந்தார். கதவைத் திறக்கும் முன்பே சிரித்தார். "பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிட்டா மேடம். இவளுக்கு எப்பவும் இடது வலது தகராறு."

"சொல்லி அனுப்புறோம்மா" என்றார் மேலாளர், நெற்றியைப் பிடித்துக்கொண்டே.

வீட்டில் சித்தி என் கையைப் பிடித்தாள். "என் காலு பிரேக்லதாண்டா இருந்துச்சு. இல்லையா?"

தன் காலையே நம்பாமல் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் கையை விட்டாள். பிறகு, "அவரு போய் அந்தம்மாகிட்ட சொல்லட்டும்" என்றாள்.

சித்தப்பாவிடம் கேட்டேன்.

"போய்ச் சொன்னா, என் வேலையப் பார்த்து ஊரே சிரிக்கும்டா."

மறுநாள் நானே பள்ளிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "அவங்க வீட்டுக்காரரே அப்படிச் சொல்லலியே தம்பி" என்றார்.

அந்த வாரமே சித்தப்பா பெரிய மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டினார். அப்படியானால் தப்பு பிரேக்கில்தான் என்று தெரிந்தேதான் சித்தி மேல் பழி போட்டிருக்கிறார். "இப்பப் பாரு, ஒரே மிதி!" என்று தெருவுக்கெல்லாம் நிறுத்திக் காட்டினார். வாசலில் நின்ற சித்தி உள்ளே போய்விட்டாள். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்கவில்லை.

வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். சித்தி எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடுவதில்லை. எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளி ஆறு நிமிட நடை. அங்கே போய், தப்பு தன்னுடையது என்று சித்தப்பா சொல்ல வேண்டியது பாக்கி. இரண்டு வருடமாகிறது. இன்னும் சொல்லவில்லை.