செல்லாயி போட்ட கொடியடுப்பு

பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கு நியாயம் தர்மம் கிடையாது. வேலியைப் பார்க்காது, சுவரைப் பார்க்காது, நேராக வந்து மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். செல்லாயிக்குப் பொழுது அப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது. அவள் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டு மார்த்தாள் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருப்பாள். வாரட்டும், யார் வேண்டாம் என்றது? வாரும்போது ஒரு பாட்டு வேறு. ஜெபப் பாட்டுதான். ஆனாலும் தன்னைக் குத்திக்காட்டவே அவள் பாடுகிறாள் என்றுதான் செல்லாயிக்குப் படும்.

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது அவர்கள் தெரு. நயா பைசா புதிதாக வந்து, ஜனங்கள் அணாவை விடவும் முடியாமல் இதைப் பிடிக்கவும் முடியாமல் திண்டாடிய காலம் அது. தெருவில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பாதிப் பேர் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாதாகோயிலுக்குப் போவார்கள். திங்கட்கிழமை எல்லாரும் ஒரே சேற்றில்தான் இறங்குவார்கள்.

செல்லாயி காவாந்தண்டலத்துப் பெண். வேதகிரியைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்த வருஷமே நடவில் பேர் வாங்கிவிட்டாள். கயிறு கட்டாமலே அவள் வரிசை நேராக நிற்கும். மற்ற பெண்கள் இடுப்பை நிமிர்த்தி வெற்றிலை மடிக்கிற நேரத்தில் அவள் அடுத்த நாற்று முடியை அவிழ்த்திருப்பாள். வெயிலுக்கும் அட்டைக்கும் அசராத அந்தப் பெண்பிள்ளையை அசைத்தது அடுப்படி ஒன்றுதான்.

அவள் வீட்டில் இருந்தது ஒற்றை வாய் அடுப்பு. கூழ்ப்பானை இறங்கினால்தான் குழம்புச் சட்டி ஏற முடியும். அதற்குள் பிள்ளைகள் இரண்டும் எழுந்து பசி என்று காலைக் கட்டும், தெருக்கோடியில் நடவுப் பெண்கள் கூப்பிடும் சத்தம் கேட்கும், குழம்பு பாதி கொதித்ததும் பாதி கொதிக்காததுமாகத் தூக்குவாளிக்குள் போகும். மார்த்தாள் வீட்டில் இருந்தது கொடியடுப்பு. பெரிய வாயில் விறகு எரியும். அந்த நெருப்பின் அனல் உள்ளே ஒரு துளை வழியாகப் போய்ப் பக்கத்தில் கொடி வாய் என்கிற சின்ன வாயில் எழும்பும். இதில் கூழ் கொதிக்கிற நேரத்துக்குள் அதில் குழம்பு ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே விறகு.

மற்றபடி மார்த்தாள் செய்கிற எதையும் செல்லாயி விட்டுவைக்கவில்லை. ராத்திரியே புளியைக் கொட்டாங்கச்சியில் ஊறப்போட்டாள். இரண்டு நாளைக்கு வேண்டிய மிளகாயை உப்புப் போட்டு அரைத்து வழித்து வைத்தாள். தேய்த்தால் கரி எளிதில் போகட்டும் என்று பானையின் அடியில் சேற்றைப் பூசி அடுப்பேற்றினாள். எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக் கற்றதுதான். கேட்டுக் கற்றது ஒன்றுகூட இல்லை. கேட்பாளா? நாக்கை அறுத்துக்கொள்வாள்.

மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் வேதகிரி ஏரைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனும் மார்த்தாள் புருஷன் ஞானதாஸும் ஒரே நிலத்தில் வேலை. மத்தியானம் ஒரே புங்கமரத்தடியில் சாப்பாடு.

"ஞானதாஸு இன்னிக்கு அவன் வூட்டு கொளம்பு கொஞ்சம் குட்த்தான். இன்னா ருசிங்கற! இன்னும் நாக்குலயே நின்னுகினு கீது" என்றான்.

"நின்னுகினு கீதா? அப்ப ராவுக்கு ஒண்ணியும் துன்னாத. அத்தயே சப்பிகினு படு."

"இன்னாமே, ஒரு பேச்சு பேசக்கூடாதா? அந்தப் பொண்ணு விடியறதுக்குள்ள ஆக்கி எறக்கிட்டுப் போவுது. நீ தினம் கடசி ஆளா ஓடற. அவளக் கூப்ட்டு அதே மாதிரி ஒரு அடுப்பு போட்டுக் குடுக்கச் சொல்லேன்."

செல்லாயி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொருத்தி வந்து என் வூட்ல அடுப்பு போடறதா?"

அவள் அப்படிக் கேட்டதில் அர்த்தம் இருந்தது. புது மருமகளுக்கு மாமியார் ஒருமுறை அடுப்புப் போட்டுக் கொடுப்பாள். அதற்கப்புறம் இடிப்பதும் போடுவதும் மெழுகுவதும் அந்த வீட்டுக்காரி கைதான். வேற்றுக் கை படுகிறதென்றால், ஒன்று வீட்டுக்காரி படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், இல்லை பிணமாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இன்னொருத்தி வந்து போட்டால், குடும்பம் நடத்தத் துப்பில்லாதவள் என்று தெருவே பேசும். அதுவும் மார்த்தாள் வந்து போட்டால்? பாடிக்கொண்டே அல்லவா போடுவாள்!

வேதகிரிக்கும் அன்றைக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. "சரி, நீயே போடு. நடவு மொத நாளு நேரத்துக்குச் சோறு ஆவலன்னு வச்சிக்கோ, நானே போய் மார்த்தாவ இட்டுகினு வந்துடுவேன். யாரு பாத்தாலும் பாக்கட்டும்."

அன்றிலிருந்து செல்லாயிக்குத் தூக்கம் போனது. மார்த்தாளின் கொலுசு இல்லாத கால் நடக்கிற சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. தனக்கு எதில் குறைச்சல்? சேற்றில் இறங்கினால் செல்லாயி நடுவதில் பாதிகூட மார்த்தாளால் நட முடியாது. ஆனால் சேற்றை யார் மோந்து பார்க்கிறார்கள்? குழம்பைத்தான் மோந்து பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாள் வீட்டார் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும், செல்லாயி ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். யாராவது கேட்டால் நெருப்பு எடுக்க வந்தேன் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டில் நெருப்பு எடுப்பது அங்கே சகஜம். தட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்து வருவார்கள்.

உள்ளே போனவளுக்கு வயிறு எரிந்தது. அடுப்பங்கரை மெழுகிச் செம்மண் கரை கட்டியிருந்தது. விறகு பருமனும் சிம்புமாகப் பிரித்து வைத்திருந்தது. சாம்பலைக்கூட ஒரு மூலையில் கூட்டிக் குவித்து, பக்கத்தில் தேங்காய் நார் சுருட்டி வைத்திருந்தாள் மகராசி. 'சாம்பலுக்குப் பொட்டு வைக்காததுதான் பாக்கி' என்று முணுமுணுத்துக்கொண்டே செல்லாயி குந்தி உட்கார்ந்தாள்.

பெரிய வாயைச் சாணால் அளந்தாள். துளைக்குள் ஒரு சிம்பை விட்டு, அது சற்றே மேல்நோக்கி ஏறிப் போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டாள். சின்ன வாயின் மேல் வெந்நீர்ப் பானை ஒன்று இருந்தது. அகல வயிற்றுப் பானை. அடுப்பின் வாயை முழுசாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கினால் கீழே எப்படி இருக்கிறதென்று பார்த்துவிடலாம். செல்லாயி கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். நெருப்பு எடுப்பது வேறு, அடுத்தவள் அடுப்பின் மேல் இருக்கிற பானையைத் தொடுவது வேறு. அவ்வளவு பொறாமையிலும் அந்த மரியாதை அவளை விடவில்லை. பானையின் சுற்றளவை மட்டும் கண்ணால் அளந்துகொண்டு, நெருப்பையும் எடுக்க மறந்து வெற்று ஓட்டோடு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கே பழைய அடுப்பை இடித்தாள். ஏரிக் களிமண்ணில் உமியும் நறுக்கிய வைக்கோலும் போட்டு மிதித்துப் பிசைந்தாள். ஆத்திரம் முழுக்கக் காலில் இறங்கியதால் மண் வெண்ணெய் போல வந்தது. அளவு பிசகாமல் பெரிய வாய், துளை, சின்ன வாய். நிழலில் காயவிட்டு, வெடித்த இடத்தைப் பூசி, சாணி போட்டு மெழுகி, செம்மண் கரையும் கட்டினாள். மார்த்தாள் ஒரு விரல் அகலம் கட்டியிருந்தாள். இவள் இரண்டு விரல் அகலம் கட்டினாள். அதுவரை வெளியே மூன்று கல்லை வைத்துப் பொங்கித் தின்றார்கள். வேதகிரி வந்து அடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அடுப்பு பேசட்டும் என்று செல்லாயியும் சும்மா இருந்தாள்.

தை பிறந்து நடவு முதல் நாள் வந்தது. கருக்கலில் எழுந்தாள். பெரிய வாயில் கூழ்ப்பானை, சின்ன வாயில் குழம்புச் சட்டி. சட்டி அச்சில் வார்த்தது போல வாயில் பொருந்தி உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. விறகைச் செருகிப் பற்றவைத்தாள்.

முதலில் புகை வந்தது. புது அடுப்பு, புகையத்தான் செய்யும் என்று ஊதினாள். இன்னும் புகை. துளை வழியாகப் போக வேண்டியது போகாமல், விறகு வாய் வழியே திரும்பி அவள் முகத்தில் அடித்தது. நெருப்பு எழும்புவதும் அணைவதுமாக இருந்தது. குழம்புச் சட்டியில் விரலை விட்டாள். ஏரித் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே வெளியே ஓடின. கூரை இடுக்கெல்லாம் புகை கசிந்து, வீடு தீப்பற்றியது என்று எதிர்வீட்டு எல்லம்மாள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள்.

வேதகிரி எழுந்து வந்தான். கண்ணில் தண்ணீர் கொட்ட அடுப்பைப் பார்த்தான், செல்லாயியைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. விறுவிறுவென்று வேலிப் பக்கம் போய், "மார்த்தா! யம்மா மார்த்தா! கொஞ்சம் வந்து இன்னான்னு பாரு!" என்று கத்தினான். கத்திவிட்டு, மாட்டைப் பிடிக்க நேரமாகிறது என்று நிலத்துக்குப் போய்விட்டான்.

செல்லாயிக்கு அந்த அடுப்புக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

மார்த்தாள் வந்தாள். தலை வாரி, பூ வைக்காமல், முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். புகையை விலக்கிக் குனிந்து பார்த்தாள். சட்டியைத் துணியால் பிடித்து மெல்லத் தூக்கினாள். தூக்கியதும் சின்ன வாயிலிருந்து குப்பென்று நெருப்பு மேலே வந்தது.

"குமிழு எங்கக்கா?" என்றாள்.

"இன்னா குமிழு?"

"கொடி வாய் மேல மூணு குமிழு வச்சி அதும்மேல சட்டிய வைக்கணும். சட்டிக்குக் கீழ சந்து இருந்தாத்தான் பொகை போவும், அனலு இஸ்துகினு வரும். நீ மூடி போட்டாப்புல அடச்சி வச்சிகீற." நிறுத்திவிட்டு அவள் செல்லாயியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கெளம எங்க வூட்டுக்கு வந்தியா? வென்னீர்ப் பானை மேல இருந்தப்ப?"

செல்லாயி ஒரு விறகை வெளியே இழுத்துப் போட்டாள்.

"பானையத் தூக்கிப் பாத்திருக்கலாம் இல்ல?"

"அடுத்தவ அடுப்பு மேல கீற பானைய நான் தொடமாட்டேன்" என்றாள் செல்லாயி. திருடப் போன இடத்திலும் தன் யோக்கியத்தை விட்டுக்கொடுக்காத குரல் அது.

மார்த்தாள் சிரித்துவிட்டாள். வாசலில் கிடந்த உடைந்த பானையிலிருந்து மூன்று சில்லைப் பொறுக்கி வந்தாள். ஆனால் அவற்றை அடுப்பில் வைக்காமல் செல்லாயியிடம் நீட்டினாள். "நீயே வை. ஒம்போது வூடு பாத்துகினு கீது. ராவுக்கு மண்ணுல குமிழு புடிச்சிக்கோ."

செல்லாயி மூன்று சில்லையும் வைத்துச் சட்டியை ஏற்றினாள். புகை சுருண்டு மேலே போனது. அனல் கொடி வாயைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குழம்பு ஓரம் கட்டிக் கொதித்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு வேறுதான் வாயில் வந்தது. "நீயே வச்சிருக்கலாமே. எதுக்கு வுட்டுக் குடுக்கற?"

"யாரு வுட்டுக் குடுத்தாங்க?" மார்த்தாள் முகம் சட்டென்று மாறியது. "இத்தயும் நானே செஞ்சி குட்த்தா, நீ சீக்கிரமா வயலுக்கு வந்து இன்னும் நாலு வரிசை நடுவ. அந்தப் பெருமய வேற நான் கேக்கணுமா? எங்க வூட்டு ஆளு நாத்து முடி வீசறவரு. தினம் ராவுல சோத்துல கை வச்சிகினு உன் நடவப் பத்தித்தான் பேச்சு. செல்லாயி கை மெசினாட்டம் ஓடுது, செல்லாயி வரிசை நூலு புடிச்சாப்புல கீதுன்னு. நான் எதுக்குக் கருக்கல்ல எழுந்து சாவறேன்னு நெனச்சே? மெதுவா நாத்து நடறவ முன்னாடியே போனாத்தான் உன் கூட வரிசை முடிக்க முடியும்."

செல்லாயிக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே எரிந்தது. அடுத்தவள் புருஷன் வாயில் வந்தது தன் புருஷன் வாயில் ஒருநாள் வந்ததா?

"வேற இன்னா சொன்னாரு ஞானதாஸு அண்ணன்?" என்று கேட்டாள், குழம்பைக் கிளறுவது போலக் குனிந்துகொண்டு.

"சொல்ல மாட்டேன். இதுவே ஜாஸ்தி." மார்த்தாள் கதவுவரை போய்த் திரும்பினாள். "என் கொளம்பு அன்னிக்கு உங்க வூட்டு அண்ணன் துன்னாரே. அவரு இன்னா சொன்னாரு?"

நாக்கிலேயே நிற்கிறது என்று சொன்னான். செல்லாயிக்கு அது மனப்பாடம். வாயைத் திறந்தாள். "உப்பு கரிக்குதுன்னாரு" என்றாள்.

மார்த்தாள் முகம் வாடியது. அதைப் பார்க்கச் செல்லாயிக்கு இரண்டு கண் போதவில்லை.

மறுநாள் மண்ணில் பிடித்த குமிழ் மூன்றும் காய்ந்து நின்றன. செல்லாயி கூழும் குழம்பும் ஒன்றாக இறக்கி, மார்த்தாளுக்கு முந்தியே வயலுக்குப் போனாள். மத்தியானம் நடவு வரிசையிலிருந்து அவள் கண்ணும் காதும் புங்கமரத்தடியிலேயே இருந்தன. ஞானதாஸ் தன் தூக்கிலிருந்து வேதகிரிக்குக் குழம்பு ஊற்றினான்.

"இன்னாடா, உப்பே காணோம்" என்றான் வேதகிரி. இரண்டாவது வாய் எடுத்தான். "ஆனா ஒண்ணு, உப்பு இல்லாட்டியும் இந்த ருசி எங்கயும் வராதுடா." விரலை நக்கிக்கொண்டான்.

பிறகு தன் தூக்கைத் திறந்தான். செல்லாயியின் குழம்பில் உப்பு, புளி, காரம் எல்லாம் அளவாக இருந்தன. அதை அவன் ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்தான்.