தோற்றவர் வீட்டுப் பந்து

காசிம் பாய் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது துறைமுகக் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர். காலை வேலைக்குப் போகிற வழி. கிளாசை என் கையில் கொடுத்துவிட்டு, "பாய் பூட்டாருப்பா" என்றார்.

"எந்தக் கப்பலுக்கு?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. அவர் சிரிக்கவில்லை.

"விடியக்கால மாரு வலிக்குதுன்னாராம். தண்ணி கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

டீயை அப்படியே வைத்துவிட்டு ராயபுரத்தில் இருக்கும் பாய் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

பாயைப் பற்றி எழுது என்று நம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் சொன்னபோது, மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவனிடம் கேட்கிறீர்களே என்றேன். "நீதானே அவரு கூடவே நின்ன" என்றார்கள். அது உண்மை. அவர் கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுவார். நான் சரக்கு அறையின் வாய் ஓரத்தில் நின்று கை காட்டுவேன். அவர் இருக்கிற இடத்திலிருந்து அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. என் கைதான் அவருக்குக் கண். நான் கையைத் தூக்கினால் மூட்டை மேலே வரும், மடக்கினால் நிற்கும். ஒரு தரம் விளையாட்டுக்காகச் சினிமா நடிகர் மாதிரி கையைச் சுழற்றினேன். பாய் வின்ச்சை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "ஏழுமல, உன் கைக்குக் கீழ ஏழு பேரு நிக்கிறான். என்னக் கிண்டல் பண்ணணும்னா வாயால பண்ணு" என்றார். அன்றிலிருந்து வாயால் மட்டும்தான்.

வாய்க்கு வேலை அவரே கொடுத்தார். யுத்தம் முடிந்த சமயம் நம் துறைமுகக் கட்சிக்கும் தண்டையார்பேட்டை இரும்புப் பட்டறைக்காரர்களுக்கும் நடந்த கால்பந்து ஆட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். கோலில் பாய். பின்னால் தடுக்கிறவன் நான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில் சங்கு ஊதியது. கப்பல் வந்துவிட்டது, கேட்டில் ஆள் எடுக்கிறார்கள். தினக்கூலிக்காரர்கள் அப்படியே ஓடினார்கள். தண்டையார்பேட்டை மைதானத்தில் நம் பக்கம் மிஞ்சியது நாலு பேர். பட்டறைக்காரர்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பாய்தான், "ஆரம்பிச்சது முடியட்டும்" என்றார். முடிந்தது. பதினொன்றுக்கு முட்டை. பதினொன்றும் என்னைத் தாண்டித்தான் போயின. ஆனால் 'பதினொண்ணு பாய்' என்ற பெயர் அவருக்குத்தான் வந்தது. வைத்தவன் நான்தான். ஆள் ஓடிப்போன கதையை அவர் ஒரு நாளும் சாக்காகச் சொன்னதில்லை.

நம் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தோற்ற கட்சியின் கோல்காரர் பந்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். தையல் விட்டிருந்தால் தைத்து, தோலுக்கு எண்ணெய் போட்டு, அடுத்த ஆட்டத்துக்கு அவரேதான் கொண்டுவர வேண்டும். அவர் கொண்டுவராமல் ஆட்டம் இல்லை. பாய் பந்தை எடுத்துப்போனார், தைத்தார், எண்ணெய் போட்டார், ஆணியில் மாட்டினார். அதோடு சரி. வருஷக்கணக்கில் அது அங்கேயே தொங்கியது. கேட்கப் போனவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தார், பந்தைக் கொடுக்கவில்லை. "எடுத்துகினு வருவேன். இப்ப இல்ல" என்பார். சொல்லும்போது பந்து தொங்குகிற பக்கமே பார்க்கமாட்டார்.

ஒரு நாள் அமெரிக்கக் கப்பலில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் செம்பட்டை முடி மாலுமி ஒருவன் வந்து உட்கார்ந்தான். கால்பந்து என்று எதையோ பேசினான். அவர்கள் ஆட்டம் வேறு. பந்து இரண்டு பக்கமும் கூராக இருக்குமாம். தோல் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஒருவன் மேல் ஒருவன் விழுவார்களாம். காசு வாங்கி ஆடுகிறவர்களின் பெரிய ஆட்டம், யுத்தக் காலத்தில் ஒரு வருஷத்துக் கடைசி ஆட்டம், அதில் ஒரு கட்சி எடுத்தது இவ்வளவு என்று பலகையில் சாக்கட்டியால் 73 என்று எழுதினான். எதிர்க்கட்சி எடுத்தது பக்கத்தில் 0. அதிலும் வேடிக்கை, மூன்று வாரம் முன்னால் இதே முட்டைக்காரர்கள் இதே ஆட்களை ஜெயித்தவர்களாம். கம்பத்துக்கு நடுவே உதைத்த பந்தெல்லாம் கூட்டத்துக்குள் போய்த் திரும்பாமல், கடைசியில் பந்து தீர்ந்துவிடும், உதைக்காதீர்கள் என்று நடுவரே சொன்னாராம்.

நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். பாய் மட்டும் கணக்குக் கேட்டார். கோட்டைத் தாண்டினால் ஆறு, அப்புறம் உதைத்தால் ஒன்று என்றான் மாலுமி. அப்படியானால் எத்தனை தரம் தாண்டினார்கள்? அவன் பத்து விரலையும் காட்டி, மூடி, ஒரு விரலைக் காட்டினான்.

"பதினொண்ணு!" பாய் எழுந்தே விட்டார். "ஏழுமல, பாத்தியா? அமெரிக்காவுல எனக்கு ஒரு தோஸ்து கீறான்."

"தோஸ்தா? அவன் எழுபத்து மூணு வாங்கினவன் நைனா. நீ வெறும் பதினொண்ணு. அவன் உன்னச் சேத்துப்பானா?"

அவர் காதில் விழவில்லை. மாலுமியைப் பிடித்துக்கொண்டார். "ஜீரோ மேன். நெக்ஸ்ட் இன்னா?" மாலுமிக்குத் தெரியவில்லை. அவன் ஜெயித்த ஊர்க்காரன். அன்றைக்குப் பாய் சொன்னதை நான் மறக்கமாட்டேன்: "போட்டவன் கதைய ஊரே சொல்லும். முட்ட வாங்கினவன் மறுநாள் எழுந்து இன்னா பண்ணான்? அத ஒருத்தனும் சொல்ல மாட்றான்."

அதற்குப் பிறகு அமெரிக்கக் கப்பல் எது வந்தாலும் பாய்க்கு இதே கேள்வி. பதிலுக்குப் பெரிய பெரிய ஆட்டமாகச் சொன்னார்கள். ஒன்றில் இரண்டு கட்சியும் சேர்ந்து நூறுக்கு இரண்டு குறைச்சல். "தோத்தவனும் முப்பத்தஞ்சு போட்டானாம். அவனுக்கு இன்னா கொறை?" என்று தள்ளிவிட்டார். இன்னொரு கட்சி ஒரு வாரம் எழுபது, அடுத்த வாரம் அறுபத்தைந்து போட்டதாம். "எழுபது வாங்கினானே, அவன்?" என்று கேட்டார். அந்த வருஷத்தோடு எழுபது வாங்கின கட்சியே கலைந்துபோனதாகச் சொன்னார்கள்.

பாய் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. நான் சும்மா இருக்கமாட்டாமல், "இன்னா நைனா, சோறு கசக்குதா?" என்றேன். "கலைச்சிட்டானுங்களாம்டா" என்றார். நானும் என் தூக்கை மூடிவைத்தேன்.

பதில் வந்தது ஒரு கோதுமைக் கப்பலில். அதன் சமையல்காரர் வயசான கறுப்பர், முட்டை வாங்கிய ஊர்க்காரர். பாய் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு வருஷம் கழித்து அதே இரண்டு கட்சிகள், அதே கடைசி ஆட்டத்தில் மறுபடி நின்றார்கள். எதிர்க்கட்சி அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்திருந்ததாம். முட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். பதினாலுக்கு ஆறு. பாய் பதினாலு ஆறு என்று மூன்று தரம் கேட்டு, சமையல்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்து மைதானத்துக்கு வந்தது. பட்டறைக் கேப்டன் வரதன், அந்தப் பதினொன்றில் பாதிக்குமேல் போட்டவர், பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார். "பாய், உசுரோடதான் வெச்சிருக்கீங்க" என்றார். நாமும் அமெரிக்காக்காரன் மாதிரி ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். ஜெயிக்கவில்லை. மூன்றுக்கு முட்டை. ஆனால் பாய் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார்.

"எட்டு கொறைச்சிட்டேன் பாத்தியா!"

"இன்னும் மூணு கொறைச்சா ட்ரா, நைனா."

அதற்குப் பிறகு பந்து ஓயவில்லை. அங்கேயும் இங்கேயுமாக வீடு மாறிக்கொண்டே இருந்தது. பட்டறைக்காரர் வீட்டிலும் பல தரம் தூங்கியது. கடைசி ஆட்டத்தில் நாம் ஒன்றுக்கு முட்டை என்று தோற்றோம். ஆகவே பாய் போன அன்று பந்து அவர் வீட்டில்தான் இருந்தது.

அடக்கத்துக்குப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வரதன் மண் போட்டுவிட்டு, கையைத் துடைக்காமல் வெகுநேரம் நின்றார். யாரும் பந்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் பாயின் சம்சாரம், மெகர் அக்கா, அதை ஆணியிலிருந்து எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"அவரு இருந்தா எடுத்துகினு போயிருப்பாரு. நீ எடுத்துகினு போ."

"அக்கா, நான் கோலுல நின்னதே இல்ல."

"அவரு மட்டும் நின்னாரா? நின்னிருந்தா பதினொண்ணு எப்டி போகும்?" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை.

பாய் எனக்கு விட்டுப்போனது அந்தப் பந்தும் அந்தக் கேள்வியும்தான். மறுநாள் எழுந்து என்ன செய்வது? தையலைப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. எண்ணெய் போட்டுக் காற்றடித்து வைத்திருக்கிறேன். வரதனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதே தண்டையார்பேட்டை மைதானம். பாயைத் தெரிந்தவர்கள் வாருங்கள். சங்கு ஊதினால் ஓடுகிறவர்கள் ஓடிக்கொள்ளலாம்; கோலில் நான் நிற்பேன். எத்தனை வாங்கினாலும் எனக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். பதினொண்ணு மட்டும் வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறார்.