தண்ணீர் வகுப்பு

முட்டி வலிக்கு நல்லது என்று யாரோ கிளப்பி விட்டிருந்தார்கள். நெட்டுக்குப்பத்துப் பெண்கள் என் வகுப்புக்கு வந்ததே அதனால்தான். நான் சொல்லித் தருவது நடனம். அதிலும் அடவு, முத்திரை, தாளம் என்று எதையும் முன்கூட்டி வகுத்துக்கொள்ளாத நடனம். கண்ணை மூடிக்கொண்டு, மண், நெருப்பு, காற்று, ஆகாயம், தண்ணீர் இவற்றில் ஒன்றை மனதில் வைத்து, உடம்பு எப்படிப் போகிறதோ அப்படிப் போக விட வேண்டும். இதையெல்லாம் நான் மூச்சுவாங்க விளக்கி முடித்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, "அப்ப முட்டிக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. முட்டியும் சேர்ந்துதான் ஆடும் என்று சொல்லி வைத்தேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை, புதன்கிழமை ஜெபக்கூட்டம் என்று வளர்ந்தவள். ஜெபக்கூட்டத்தில் ஆவி இறங்கி யாருக்கும் புரியாத பாஷையில் பேசும் பெண்களைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்கியவள். பேய், பிசாசு, சாமியாட்டம் எதுவும் என்னிடம் எடுபடாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம்.

இதே வகுப்பை அடையாறிலும் நடத்துகிறேன். அங்கே தண்ணீர் என்றால் ஆளாளுக்குக் குற்றாலம் ஆகிவிடுவார்கள். நெருப்பு என்றால் பத்து விரலும் படபடக்கும். நெட்டுக்குப்பத்தில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், புயல் வந்தால் ஜனங்கள் ஒதுங்குவதற்காகக் கட்டிய கூடம்தான் எங்கள் வகுப்பறை. முதல் வகுப்பு மண். வெளியே வெறுந்தரையில் படுக்கச் சொன்னேன். எழுந்தபோது எல்லோர் முதுகும் சாம்பல் நிறத்தில் இருந்தது. "இது மண்ணு இல்ல டீச்சர், பவர் ஹவுஸ் சாம்பலு. மண்ணு இதுக்கு அடியில கீது," என்றார் மீன்காரம்மா.

நெருப்பு வகுப்பில்தான் எனக்கு முதலில் ஒரு மாதிரி ஆனது. யாரும் விரலைப் படபடக்க விடவில்லை. கண்ணை மூடிய சற்று நேரத்தில் எல்லோரும் மெதுவாக மேற்கே திரும்பினார்கள். ஒரு கையை நேராக மேலே தூக்கி, உடம்பை அசைக்காமல், நுனிவிரலை மட்டும் நடுங்க விட்டு நின்றார்கள். மணலி எண்ணெய் ஆலையில் இரவு பகலாக எரியும் புகைபோக்கி அது. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கும் நெருப்பு. ஆனால் திசையை நான் சொல்லவில்லை, யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. அந்தக் கூடத்தில் கண் திறந்திருந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிட்டேன்.

இடம்விட்டு நகர்ந்து ஆடத் தொடங்கியதும் என் வகுப்பில் இரண்டு விதிகள் உண்டு. ஒருவர் ஆடும்போது இன்னொருவர் பின்னாலேயே போக வேண்டும். உள்ளங்கையை ஆடுகிறவர் முதுகுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். தொடக் கூடாது. சுவரில் மோதப் போனால் மட்டும் தொடலாம். அந்த இடைவெளியில் முதுகின் சூடு உள்ளங்கைக்குத் தெரியும். ஆடுகிறவருக்கும் தனக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியும். இரண்டாவது விதி, வாயை அடக்கக் கூடாது. சத்தம் வந்தால் வரட்டும், வார்த்தை வந்தால் வரட்டும்.

முட்டி வலி இல்லாமல் வந்தவள் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். குழந்தை இல்லை. முந்திய மழைக்காலத்தில் அவள் புருஷன் வேறு இரண்டு பேரோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனான். முகத்துவாரத்துக்கு வெளியே போட் கவிழ்ந்தது. மற்ற இருவரும் நீந்திக் கரையேறினார்கள். அவன் வரவில்லை. அவன் உடம்பும் வரவில்லை. அதனால் அவன் அம்மா, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். ஆந்திரா பக்கம் யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், வருவான், அவ்வளவுதான். மருமகளின் தாலி, பொட்டு, பூ எல்லாம் அப்படியே இருந்தன.

கரையில் அவன் செருப்பும் இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் செருப்பை மணலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போட்டில் ஏறுவார்கள். திரும்பி வந்து போட்டுக்கொள்ளும்வரை வீட்டு ஆட்களைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டார்கள். அவனுடைய நீல ரப்பர் செருப்பு அன்றைக்குக் கழற்றிய இடத்திலேயே கிடந்தது. சாயங்காலம் அலை ஏறும்போது அதை மேலே எடுத்து வைப்பதும், காலையில் திரும்ப அதே இடத்தில் கொண்டு வைப்பதும் மருமகளின் வேலை. மாமியார் வாசலில் நின்று பார்ப்பார்.

"ஒருநாள் காலைல போனா ஒத்த செருப்பக் காணோம் டீச்சர்," என்று பாய் சுருட்டும்போது அவள் சொன்னாள். "தேடினா, தண்ணியாண்ட கெடக்குது. கடல பாத்துகினு. அலதான் இட்டுகினு போயிருக்கும். இருந்தாலும் அத எட்த்தாற கை வர்ல. எப்டியோ எட்த்தாந்து வெச்சேன்."

மாத்தூரில் அவள் அண்ணன் இருந்தார். வந்துவிடு, தையல் வேலை பார்த்து வைத்திருக்கிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதை என்னிடம் மறைக்கவில்லை.

"அப்புறம் இன்னா? கெளம்பிப் போய்க்கினே இரு," என்றேன். என்னையும் அறியாமல் எங்கள் பேட்டை பாஷை வந்துவிட்டது. செருப்புக்குக் காவல் இருப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"நீங்க ஈசியா சொல்லிட்டீங்க டீச்சர். எங்க அத்த ஒரு வேள கூட ஒழுங்கா துன்றதில்ல. எம்புள்ள அங்க பசியோட கீறான், எனக்கு எப்டி எறங்கும்னு தட்ட தள்ளி வுட்டுடுது. எலும்பாப் போச்சு. நானும் போய்ட்டன்னு வெய்ங்க, அது செத்துடும்."

தண்ணீர் வகுப்பை அவளை நினைத்துத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காற்று முடிந்தது, ஆகாயம் முடிந்தது. ஒருநாள் அவளே, "தண்ணி எப்ப டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை என்று சொன்னேன்.

அந்த மத்தியானம் காற்றே இல்லை. வானமும் கடலும் ஒரே சாம்பலாக இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கூடத்துக்குள் அலைச் சத்தம் எப்போதும் கேட்கும். அன்று கேட்கவில்லை. ஒரு பெண் வராததால், தண்ணீர் எப்போது என்று கேட்டவளுக்கு ஜோடி இல்லை. அவள் பின்னால் நானே நின்றேன்.

முதலில் அவள் அசையவே இல்லை. பிறகு தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தோள் தளர்ந்தது. கைகள் தாமாகவே உயர்ந்து, விரித்தபடி நின்று, மெல்ல ஆடின. நான் எத்தனையோ பேரைத் தண்ணீராகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் அலையாகத்தான் ஆடுவார்கள். இவள் அலை இல்லை. தண்ணீருக்கு உள்ளே கிடக்கும் ஒன்று. கால் தரையில் படுகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். பட்டுக்கொண்டுதான் இருந்தது. ரவிக்கை முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வைதான். ஆனால் என் உள்ளங்கைக்குச் சூடு தெரியவில்லை. உலை மாதிரி கொதித்த அந்த மத்தியானத்தில் அவள் முதுகிலிருந்து குளிர்தான் வந்தது.

மற்ற பெண்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்திக் கண்ணைத் திறந்தார்கள். மீன்காரம்மாதான் முதலில் கத்தினார். "ஏய்! இவளுக்கு சாமி வந்துகீதுடி!"

நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தலைமுடி அவிழ ஆடினால் குப்பத்தில் அதற்குப் பெயர் ஒன்றுதான். என் படிப்பு, என் முறை, என் ஐந்து பூதம் எல்லாம் அந்தக் கத்தலில் காணாமல் போயின. ஜன்னலில் தலைகள் முளைத்தன. யாரோ வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தார்கள். தட்டில் கற்பூரம் வந்தது. "இது க்ளாஸு! யாரும் உள்ள வராதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவோரம் நிறுத்தியது. அங்கிருந்து அவள் தலையும் விரிந்த கைகளும் மட்டும்தான் தெரிந்தன. அவள் பின்னால் யாரும் இல்லை. சாமி வந்தவள் முதுகுப் பக்கம் நிற்கக் கூடாது என்று எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள்.

மாமியார் வந்தார். வழிவிட்டார்கள். நான் அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். எலும்பும் தோலுமாக இருந்தார். மருமகள் காலில் விழுந்து எழுந்து, "தாயே, எம்புள்ள எங்க கீறான்? வருவானா, வரமாட்டானா? வாய தொறந்து சொல்லிடும்மா," என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். தூக்கத்தில் பேசுகிற மாதிரி, அசதியாக, ஒரு குரல் வந்தது.

"செருப்ப எட்த்துடும்மா. நடக்கற எடத்துல நான் இல்ல."

மாமியாரை அவள் எப்போதும் அத்தே என்றுதான் கூப்பிடுவாள். என் கழுத்தில் கிடந்த சிலுவையை நான் இறுகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மா அழவில்லை. மருமகள் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய், ரொம்பச் சின்னக் குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். "குளுர்தா நைனா?"

அவள் அப்படியே தரையில் சரிந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

மாமியார் திரும்பிப் பார்க்காமல் கடற்கரைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். செருப்பை எடுத்து, முந்தானையால் சாம்பலைத் துடைத்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல அதை விட்டார். அலை ஏறுகிற நேரம் அது; போட்டதையெல்லாம் கரைக்குத் தள்ளும். செருப்பு இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியபடி கடலுக்குள் போயின. கண்ணுக்குத் தெரியும்வரை நின்று பார்த்தோம்.

அன்று சாயங்காலம் அவர் தட்டு நிறையச் சோறு போட்டுத் தின்றதாக மீன்காரம்மா சொன்னார். அடுத்த வாரமே மருமகளுக்கு அவரே பை கட்டிக் கொடுத்து, மாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

எனக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் போகும்போதும் சமைக்கும்போதும் அந்தக் குரலை யோசித்தேன். யோசிக்க யோசிக்க விஷயம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவளுக்குப் போக வேண்டும், மாமியார் விடவில்லை, சாமி வந்து விட்டுவிடச் சொன்னது. கெட்டிக்காரி! அந்தக் குளிரை மட்டும் இதில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை நான் யோசிக்காமல் விட்டேன்.

சில மாதம் கழித்து மாத்தூருக்குப் போனேன். ஒரு வீட்டு மாடியில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் பொட்டு இல்லாமல் இருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு, பால்கனிக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். அங்கிருந்தும் மணலி நெருப்பு தெரிந்தது.

"நல்லா நடிச்ச நீ," என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. "நடிக்கணும்னுதான் டீச்சர் வந்தேன். தண்ணி எப்போன்னு கேட்டனே, அதுக்குத்தான். கண்ண மூடிகினு ஆடினா சாமின்னு நம்பிடுவாங்கன்னு தெரியும். இன்னா சொல்லணும்னு ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிகினு இருந்தேன்."

"அதான் சொன்னியே. செருப்ப எட்த்துடுன்னு."

"அது இல்ல டீச்சர்." டீ கிளாஸைச் சுவரில் வைத்தாள். "வருவான், நீ நல்லா துன்னுட்டு ஒடம்ப பாத்துக்கோ. அதான் நான் சொல்ல வந்தது. அத்த துன்னா போதும்னு இருந்துச்சு."

"அப்படிச் சொல்லியிருந்தா நீ அங்கேயே கிடக்க வேண்டியதுதானே?"

"தெரியும். கெடக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். வருவான்னு சொல்லத்தான் வாய தொறந்தேன். வேற வந்துச்சு."

நானும் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். உள்ளே மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன.

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"நீங்க இருந்தீங்களே. கடைசி வரிக்கும் முதுகுல கைய வெச்சி அழுத்திகினே இருந்தீங்க. போ போன்னு தள்ற மாரி. அந்த தெம்புலதான் நின்னேன்." சொல்லிவிட்டு எதையோ நினைத்துக்கொண்டவளாக என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றதை அவளிடம் சொல்லவில்லை.

"இப்ப சூடாத்தான் கீது," என்றாள்.